சோற்றோடு ஊட்ட வேண்டிய சொல்

குழந்தைகள் நலப் பிரிவில் எடையும் உயரமும் அளந்து அட்டையில் குறித்து முடித்தவுடன், தாய்மார்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றது: "பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுக்கணும், டாக்டர்?" சிலர் கேட்பதற்கு முன்பே வாங்கியிருப்பார்கள். ஒரு நாள் கூலிக்கு மேல் விலை கொடுத்து வாங்கிய சத்துப்பான டப்பா பையிலிருந்து வெளியே வரும். வேறு சிலர், "அதெல்லாம் வாங்க வசதி இல்லை" என்று தலை குனிந்துகொள்வார்கள்.

அந்தத் தலைகுனிவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. குழந்தையின் அறிவு வளர்வதற்கு வேண்டியவை கடையில் கிடைக்கின்றன, அவற்றை வாங்க இயலாதவர் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாதவர் என்னும் எண்ணம் பல வீடுகளில் வேரூன்றியுள்ளது. அது தவறு என்று ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. முறையாக ஆராய்ந்து, பல்லாண்டுகள் பின்தொடர்ந்து கண்ட செய்தி அது. அந்த ஆய்வு நடந்த இடம் நமக்கு வெகு தொலைவில் உள்ள ஜமைக்கா தீவு. ஆயினும் ஆய்வில் பங்கேற்ற வீடுகள் நம் வாசகர் பலருடைய வீடுகளைப் போன்ற ஏழைக் குடும்பங்களின் வீடுகளே. ஆதலால் அதைச் சற்று விரிவாகச் சொல்கின்றோம்.

கிங்ஸ்டன் நகரின் 129 குழந்தைகள்

1986, 1987ஆம் ஆண்டுகளில் ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனின் ஏழ்மையான பகுதிகளில், சாலி கிரந்தம்-மெக்கிரிகர் என்னும் மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைக் கண்டறிந்தனர். அக்குழந்தைகளின் வயது 9 மாதம் முதல் 24 மாதம் வரை. நீண்ட காலம் போதிய உணவின்றியும் அடிக்கடி நோயுற்றும் வளரும் குழந்தையே இவ்வாறு குட்டையாக நின்றுவிடுகின்றது. உயரத்தோடு அறிவு வளர்ச்சியும் பின்தங்கும் வாய்ப்பு இத்தகைய குழந்தைகளிடம் மிகுதி.

குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு வாரந்தோறும் ஒரு கிலோ பால்மாவு கொடுக்கப்பட்டது. இரண்டாவது குழுவின் வீடுகளுக்குச் சமூக நலப் பணியாளர் ஒருவர் வாரம் ஒரு முறை சென்று, ஒரு மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் அமர்ந்து விளையாடினார். மூன்றாவது குழுவுக்குப் பால்மாவும் வருகையும் சேர்ந்து கிடைத்தன. நான்காவது குழு வழக்கமான மருத்துவ வசதியோடு இருந்தது. இவ்வாறு இரண்டு ஆண்டுகள் நடந்தது.

இரண்டு ஆண்டுகளின் முடிவில் பால்மாவு பெற்ற குழந்தைகளும் முன்னேறியிருந்தனர், விளையாட்டு பெற்ற குழந்தைகளும் முன்னேறியிருந்தனர். இரண்டையும் பெற்றவர்களே மிகுதியாக முன்னேறியிருந்தனர். இத்தோடு ஆய்வை முடித்திருந்தால் இன்று அதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டோம். ஆய்வாளர்கள் அக்குழந்தைகளை விடவில்லை. பள்ளிப் பருவத்திலும், பதின்பருவத்திலும், 22 வயதிலும் தேடிக் கண்டுபிடித்து மீண்டும் மீண்டும் சோதித்தனர்.

பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் தொடக்கத்தில் தெரிந்த அறிவு வளர்ச்சிப் பயன் பின்னாளில் நிலைக்கவில்லை. வாரம் ஒரு மணி நேரம் விளையாடியதன் பயனோ நிலைத்தது. 22 வயதில் அவர்கள் அறிவுத்திறன் சோதனைகளில் மேம்பட்டிருந்தனர், வன்முறைச் செயல்களில் குறைவாகவே ஈடுபட்டிருந்தனர். 2014ஆம் ஆண்டு வெளியான ஆய்வறிக்கையின்படி, அத்தகைய வருகை பெறாத குழந்தைகளாக இருந்தவர்களைவிட அவர்களுடைய சராசரி வருமானம் 25 விழுக்காடு மிகுந்திருந்தது. அவ்வறிக்கையை எழுதியவர்களுள் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் ஒருவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதனைப் படித்துவிட்டு, உணவு முதன்மையன்று என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. பசித்த குழந்தை விளையாடாது. இரும்புச்சத்துக் குறைவால் சோகை கண்ட குழந்தையிடம் ஆர்வமும் கவனமும் மங்கிவிடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பின்னர் தாய்ப்பாலோடு பருப்பும் முட்டையும் கீரையும் சேர்ந்த வீட்டு உணவு, அங்கன்வாடியில் தரும் சத்துமாவு ஆகியவற்றில் எந்தக் குறைவும் வைக்கலாகாது. கிங்ஸ்டன் ஆய்விலிருந்து நாங்கள் கற்றது வேறு: வயிறு நிறைந்தால் மூளை தானே வளர்ந்துவிடும் என்று இருந்துவிட முடியாது.

அந்த ஒரு மணி நேரத்தில் நடந்தது என்ன?

வீட்டுக்கு வந்த பணியாளர் மருத்துவரும் அல்லர், ஆசிரியரும் அல்லர். இப்பணிக்கெனப் பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்களே அவர்கள். கொண்டுவந்த பையில் இருந்தவை விலையுயர்ந்த பொம்மைகள் அல்ல. காலிப் புட்டிகள், அட்டை, துணி முதலியவற்றால் செய்த விளையாட்டுப் பொருள்களும், கையால் உருவாக்கிய படப் புத்தகங்களும், மரக்கட்டைகளுமே இருந்தன. அவற்றை அந்த வாரம் முழுதும் வீட்டிலேயே விட்டுச் செல்வார். அடுத்த வாரம் வரும்போது பழையவற்றை எடுத்துக்கொண்டு வேறு பொருள்களைத் தருவார்.

இதில் நாம் உற்று நோக்க வேண்டியது, குழந்தையோடு யார் விளையாடினார் என்பதே. பணியாளர் விளையாடிக் காட்டினார், பின்னர் பொருளைத் தாயின் கையில் கொடுத்தார். தாய் விளையாடினார், பணியாளர் அருகிலிருந்து பாராட்டினார். குழந்தை செய்ததைப் பாராட்டுமாறு தாய்க்குக் கற்பித்தார். ஆறு நாள்கள் பணியாளர் இல்லாத வீட்டில் அவ்விளையாட்டைத் தொடர்ந்தவர் தாய்தான். வறுமையில் வாழும் பெண்ணுக்கு அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். "நீ நன்றாகச் செய்கிறாய்" என்று சொல்ல வாரந்தோறும் ஒருவர் வந்து அமர்வது அரிது. அம்முறையின் வலிமையில் ஒரு பாதி அதில்தான் இருக்கின்றது என்பது எங்கள் கருத்து.

இம்முறை பின்னர் பல நாடுகளுக்குச் சென்றது. நம் நாட்டில் ஒடிசா மாநிலத்தின் கட்டாக் நகரில் 54 குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த 421 குழந்தைகளிடம் இதனைச் சோதித்து, 2020இல் முடிவை வெளியிட்டனர். அங்கும் உள்ளூர்ப் பெண்களே வீடுகளுக்குச் சென்றனர், குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது.

கூப்பிட்டால் குரல் கொடுத்தல்

பிறந்து முதல் சில ஆண்டுகளில் மூளையின் நரம்பணுக்களுக்கிடையே இணைப்புகள் மிக விரைவாக உருவாகின்றன. பயன்படும் இணைப்பு உறுதிப்படும், பயன்படாதது நலிந்து மறையும். குழந்தை ஒரு ஒலி எழுப்புகின்றது, தாய் முகம் பார்த்துப் பதில் சொல்கின்றார், குழந்தை மீண்டும் ஒலி எழுப்புகின்றது. இந்தப் போக்குவரத்து ஒவ்வொரு முறை நிகழும்போதும் பேச்சுக்கும் கவனத்துக்கும் நம்பிக்கைக்கும் உரிய இணைப்புகள் வலுப்பெறுகின்றன. பதில் வராத வீட்டில் குழந்தை சில காலம் கூப்பிட்டுப் பார்க்கும், பின்னர் கூப்பிடுவதைக் குறைத்துக்கொள்ளும். அமைதியான குழந்தை, தொந்தரவே இல்லை என்று பெருமையாகச் சொல்லப்படும் குழந்தைகள் சிலரைப் பார்க்கும்போது எங்களுக்குச் சற்றுக் கவலை தோன்றுவது இதனால்தான்.

இது தமிழ் வீடுகளுக்குப் புதிய செய்தி அன்று. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையின் பருவங்களை எண்ணிப் பாருங்கள். தலை நிமிர்த்தி அசைந்தாடும் செங்கீரை, கை கொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை, நிலவை விளையாட அழைக்கும் அம்புலி. குழந்தை எந்த வயதில் எதைச் செய்யும் என்பதை உற்றுப் பார்த்து, அதற்கேற்ற விளையாட்டை வகுத்த முறை அது. பாட்டிமார் மடியில் வைத்துச் சாய்ந்தாட வைப்பதும், நிலாக் காட்டிச் சோறூட்டுவதும் இன்று நாங்கள் அட்டவணையிட்டுச் சொல்லும் பயிற்சிகளேயன்றி வேறல்ல. வீட்டில் பாட்டி இருப்பாரானால் இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தமக்குத் தெரிந்தவை பழங்கதை ஆகிவிட்டன என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும்.

நேரம் எங்கே இருக்கின்றது?

"நான் காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறேன். விளையாட நேரம் ஏது?" நியாயமான கேள்வி. பனியன் கம்பெனியிலும் கட்டட வேலையிலும் பகல் முழுதும் நின்றுவிட்டு வரும் பெண்ணிடம், தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று சொல்வது பொருந்தாது. நாங்கள் அவ்வாறு சொல்வதில்லை. எப்படியும் செய்தாக வேண்டிய வேலையோடு பேச்சைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கின்றோம்.

குளிப்பாட்டும்போது கை, கால், வயிறு என்று பெயர் சொல்லி நீர் ஊற்றலாம். "இப்போது எந்தக் கை?" என்று கேட்டுச் சற்றுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது இன்றியமையாதது. பெரும்பாலான பெரியவர்கள் கேள்வி கேட்டவுடன் தாமே விடையும் சொல்லிவிடுகின்றனர். குழந்தைக்கு விடை தேடச் சில நொடிகள் வேண்டும், அது சொல்லாகவே இருக்க வேண்டியதில்லை. கையை நீட்டினால் அதுவும் விடையே. சமைக்கும்போது ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் கொடுத்து அடுப்புக்கு எட்டத்தில் அமர்த்தலாம். சிறிய பாத்திரம் பெரிய பாத்திரத்துக்குள் போகும், பெரியது சிறியதற்குள் போகாது என்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும் நேரம் மிகவும் மதிப்புடையது. துணி மடிக்கும்போது "அப்பா சட்டை, பாப்பா சட்டை" என்று பிரித்து வைக்கச் சொல்லலாம். பெரிது சிறிது என்னும் பாடம் அதிலேயே அடங்கியுள்ளது. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கண்ணில் படும் ஆடு, மாடு, வண்டி ஆகியவற்றைக் காட்டிப் பேசலாம்.

எந்த மொழியில் பேசுவது என்று சிலர் கேட்கின்றனர். உங்களுக்கு எது இயல்பாக வருகின்றதோ அந்த மொழியில். ஆங்கிலத்தில் பூக்களின் பெயரை ஒப்பிக்கும் இரண்டு வயதுக் குழந்தையைவிட, தன் தாய்மொழியில் "ஏன்?" என்று கேட்கும் குழந்தை முன்னே நிற்கின்றது.

விளையாட்டுப் பொருள்களையும் வீட்டிலேயே செய்யலாம். மூடி இறுகப் பூட்டிய நெகிழிப் புட்டியில் கூழாங்கற்களைப் போட்டால் கிலுகிலுப்பை. பழைய துணியை உருட்டித் தைத்தால் பந்து. பழைய நாளிதழ்ப் படங்களை அட்டையில் ஒட்டி நூலால் கோத்தால் புத்தகம். தேங்காய்ச் சிரட்டையை வழவழப்பாகத் தேய்த்தால் சொப்புச் சாமான். ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். நான்கு சென்டிமீட்டரைவிடச் சிறிய எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் தனியாகக் கிடைக்கக் கூடாது. புளியங்கொட்டை, பொத்தான், நாணயம், புட்டி மூடி ஆகியவை மூச்சுக்குழலை அடைத்துவிடும். சிறிய வட்டப் பேட்டரி இன்னும் கொடியது, விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். விழுங்கியதாக ஐயம் தோன்றினாலே அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

கடையில் வாங்குவதில் ஒன்றை வேண்டவே வேண்டாம் என்கின்றோம்: குழந்தையை உள்ளே அமர்த்தி உருட்டும் சக்கர வாக்கர். அது நடையை விரைவுபடுத்துவதில்லை, படியில் உருண்டு தலையில் அடிபடக் காரணமாகின்றது. கனடா நாடு 2004இல் அதனைத் தடையே செய்துவிட்டது. நம் ஊர்த் தச்சர் செய்யும் மர நடைவண்டி வேறு. குழந்தை அதைத் தன் காலில் நின்று தள்ளுகின்றது. பெரியவர் அருகில் இருக்க, சமதளத்தில் அதைப் பயன்படுத்தலாம்.

கைப்பேசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். இரண்டு வயதுக்குள் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருப்பதே நல்லது என்கின்றது உலக சுகாதார நிறுவனம். கைப்பேசி பேசும், பதில் சொல்லாது. வெளியூரில் வேலை செய்யும் தந்தை காணொளி அழைப்பில் முகம் காட்டிப் பேசுவது இதில் சேராது. அவர் பதில் சொல்கின்றாரல்லவா!

அடி பற்றி

"அடியாத மாடு படியாது" என்னும் பழமொழியை எங்கள் அறையில் அடிக்கடி கேட்கின்றோம். குழந்தை மாடு அன்று என்பது ஒருபுறமிருக்க, அடி என்ன கற்பிக்கின்றது என்பதைப் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தை தண்ணீர்க் குடத்தைக் கவிழ்ப்பது குறும்பு அன்று. கவிழ்த்தால் என்ன ஆகும் என்னும் சோதனை. அடித்தால் அது சோதனையை நிறுத்தும், காரணத்தைக் கற்காது. குடத்தை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் சிறிது நீர் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். கோபம் தலைக்கேறும்போது குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டு, இரண்டு நிமிடம் வாசலில் நின்றுவிட்டு வருவது தவறே அன்று. நல்லதைச் செய்த நேரத்தில் அதனைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். "சமர்த்து" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாயே" என்று சொல்வது குழந்தைக்கு நன்கு விளங்கும்.

தாயைத் தாங்குவது யார்?

இதுவரை எழுதியவற்றைத் திரும்பப் படிக்கும்போது, எல்லாச் சுமையையும் தாயின் தலையிலேயே ஏற்றிவிட்டோமோ என்னும் உறுத்தல் எங்களுக்கே எழுகின்றது. கடன், வாடகை, குடிநீர் லாரிக்கான காத்திருப்பு, சில வீடுகளில் குடிப்பழக்கத்தால் வரும் சண்டை. இவற்றுக்கிடையே சிரித்த முகத்தோடு விளையாடு என்பது எளிதன்று. கிங்ஸ்டன் தாய்மாருக்கும் அது எளிதாக இல்லை. அதனால்தான் அங்கு வாரந்தோறும் ஒருவர் வந்தார்.

நம் வீடுகளில் அந்த ஒருவர் கணவராக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், அடுத்த வீட்டு அக்காவாக இருக்கலாம். தந்தை மாலையில் இருபது நிமிடம் குழந்தையை மடியில் வைத்துப் பேசினால், குழந்தைக்கு ஒரு முகம் கூடுகின்றது, தாய்க்கு இருபது நிமிடம் கிடைக்கின்றது. மூத்த பெண் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் செய்வது மட்டும் தீர்வன்று. ஒரு குழந்தையின் கல்வியை எடுத்து மற்றொன்றுக்குக் கொடுப்பதாகிவிடும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு அங்கன்வாடி உண்டு. அங்கே பருப்புச் சாதத்தோடு பாட்டும் விளையாட்டும் கிடைக்கின்றன. சோறு வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், குழந்தையை அங்கே இருக்க விடுங்கள்.

மகப்பேற்றுக்குப் பின்னர் இரண்டு வாரங்களுக்கு மேலாக ஓயாத அழுகை, தூக்கமின்மை, குழந்தையைத் தொடவே விருப்பமில்லாமை, வாழ்வே வேண்டாம் என்னும் நினைப்பு ஆகியவை இருந்தால் அது சோம்பலும் அன்று, திமிரும் அன்று. மருத்துவத்தால் தீரும் நோய். தடுப்பூசிக்கு வரும்போது குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோலவே இதனையும் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவோமோ என்னும் அச்சமோ எழுந்தால், மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும். தாயைத் தனியே விடக் கூடாது.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

குழந்தைகள் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்தது என்பதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் சில எல்லைகள் உண்டு. மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஒன்பது மாதம் முடிந்தும் பிடிமானமின்றி உட்காரவில்லை, ஒரு வயதிலும் மழலை ஒலிகள் இல்லை அல்லது பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, ஒன்றரை வயதிலும் நடக்கவில்லை, இரண்டு வயதிலும் "அம்மா வா" என்பதுபோல் இரண்டு சொற்களைச் சேர்க்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். எந்த வயதாயினும், முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றைக் குழந்தை மறந்துவிட்டால் உடனே வர வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து அல்லாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும்.

"அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பேச்சுத் தாமதத்துக்குக் காது கேளாமையும் ஒரு காரணம், அதைக் கண்டறியாமல் இழக்கும் ஒவ்வொரு மாதமும் பேச்சைப் பின்னுக்குத் தள்ளும். காதைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பின்னர் அப்பாவின் கதையை நம்பலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கென உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இச்சோதனைகளும் பயிற்சிகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

வரும்போது தடுப்பூசி அட்டையோடு, குழந்தை வீட்டில் விரும்பி விளையாடும் பொருள் ஒன்றையும் கொண்டுவாருங்கள். கரண்டியானாலும் சரி, துணிப் பந்தானாலும் சரி. அதைக் குழந்தை எப்படிப் பிடிக்கின்றது, எங்கே பார்க்கின்றது, யாரிடம் நீட்டுகின்றது என்பதிலிருந்து நாங்கள் அறிந்துகொள்பவை பல. புதிய இடத்தைக் கண்டு அழும் குழந்தையும் அதைக் கையில் வாங்கியவுடன் சற்று அடங்கும்.